சுரங்கத்துக்கு முன்னால் இறங்கினோம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பத்தைந்துக்கு பிளேஸ்டோ ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். நாங்கள் மூன்று பேர். லண்டனின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் இரண்டு வாரமாக எங்களுக்கு இடம் கொடுத்திருந்த கௌரி அக்கா, மலாவியிலிருந்து வந்திருந்த மருத்துவச்சி தொகோசானி, திருச்சியில் நர்சிங் பள்ளி ஆசிரியையான நான். மருத்துவச்சிகளுக்கான மூன்று வாரப் பயிற்சிக்காக நானும் தொகோசானியும் லண்டன் வந்திருந்தோம். கௌரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அன்று லீவு போட்டுவிட்டு வழிகாட்ட வந்தார்.

போகவேண்டிய இடம் யூஸ்டன் ஸ்கொயர். பிளேஸ்டோவிலிருந்து பதின்மூன்றாவது நிறுத்தம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அங்கே ஒரு மண்டபத்தில் பன்னிரண்டரை மணிக்குத் தொகோசானி பத்து நிமிடம் பேச வேண்டும். உதவி தருகிற குழு ஒன்றின் கூட்டம் அது. மலாவி ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூரில் இருக்கும் தன் சுகாதார நிலையத்துக்கு மருந்து வைக்கும் சோலார் குளிர்பெட்டி வேண்டும், தனியாக ஒரு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கேட்கப் போகிறாள். முப்பத்து நான்கு வயது. உயரமானவள், அதிகம் பேசாதவள். அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்று இரவு உட்கார்ந்து எழுதியிருந்தாள். ரயிலில் அந்தத் தாள்களை மடியில் வைத்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெஸ்ட் ஹாம் தாண்டியதும் அவள் போன் அடித்தது. எடுத்தாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு தன் மொழியில் ஏதோ ஒரே சொல்லை மூன்று முறை கேட்டாள். "மகாசி? மகாசி?" அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவளுக்கு அந்த முகம் எந்த நாட்டில் வந்தாலும் தெரியும்.

"ரத்தம்" என்றாள் என்னிடம் ஆங்கிலத்தில். "பிரசவம் ஆகி இருபது நிமிடம். நிற்கவில்லையாம்."

கௌரி அக்கா எழுந்துவிட்டார். "அடுத்ததிலை இறங்குவம். அங்காலை ரெயின் சுரங்கத்துக்கை போயிடும். சிக்னல் நிக்காது. எழும்புங்கோ, கெதியா."

பதினொன்று இரண்டுக்கு புரோம்லி-பை-போ ஸ்டேஷனில் இறங்கினோம். அதற்கு முன் அந்தப் பெயரை வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன். தலைக்கு மேல் வானம் தெரிகிற மேடை. ஒரு பக்கம் பெருஞ்சாலை, ஓயாத லாரிச் சத்தம். மறுபக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காமல் போகும் ரயில்கள். தொகோசானி ஒரு பெஞ்சின் முன்னால் குந்திக்கொண்டு ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தன் சுகாதார நிலையத்தில் நடந்ததை அவள் துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள். அவளையும் சேர்த்து அந்த நிலையத்தில் இரண்டே மருத்துவச்சிகள். இவள் லண்டனில். மற்றவள் விடியற்காலையில், குழந்தை வெளிவராமல் தவித்த ஒரு பெண்ணை, பல ஊர்களுக்கும் பொதுவான ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தாள். நாற்பத்தெட்டு கிலோமீட்டர், பாதிக்கு மேல் மண் பாதை. அவர்கள் போன பிறகு எஸ்நாத் என்ற பெண் வலியோடு நடந்தே வந்திருக்கிறாள். நான்காவது பிரசவம். கூட வந்தது அவள் அண்ணி மட்டும். வந்து சேர்ந்த கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. ஏந்திக்கொண்டது சிசோமோ.

சிசோமோ மருத்துவச்சி இல்லை. நர்சும் இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஆயா என்கிறோமே, அந்த வேலை. தரை துடைப்பது, துணி அலசுவது, பிரசவ நேரத்தில் விளக்குப் பிடிப்பது. ஐம்பது வயதைத் தாண்டியவள். இப்போது அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான்.

"நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று கேள்" என்றேன்.

"கேட்டுவிட்டேன். முழுசாக இருக்கிறதாம். கர்ப்பப்பை இறுகவில்லை. ஊறின ரொட்டி மாதிரி இருக்கிறது என்கிறாள்."

பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் ரத்தக் குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் ஒரு பெண் ஒரு மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்னால், போய்விடுவாள். இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

அதற்கான ஊசி அங்கே இருந்தது. ஆனால் குளிர்பெட்டி நான்கு நாளாக வேலை செய்யவில்லை என்று சிசோமோ இப்போதுதான் சொன்னாள். அந்த ஊசிமருந்து சூட்டில் கெட்டுவிடும். லண்டனில் இருப்பவளை எதற்குக் கவலைப்படுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. தொகோசானி கண்ணை மூடித் திறந்தாள். "போடட்டும். ஆனால் அதை நம்ப முடியாது" என்றாள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகள் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் இருக்கின்றன என்று சொன்னாள். அவற்றைச் சூடு ஒன்றும் செய்யாது. சிசோமோ எண்ணிப் பார்த்து நான்கு வைத்தாள்.

பதினொன்று ஒன்பது. ஒரு ரயில் வந்து நின்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓயும்வரை தொகோசானிக்கு எதுவும் கேட்கவில்லை. கௌரி அக்கா தன் மேல்கோட்டைக் கழற்றி அவள் தலையையும் போனையும் சேர்த்து மூடினார். ரயில் ஊழியர் ஒருவர் ஓடி வந்தார், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டு. அக்கா அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மனிதர் வேறு கேள்வி கேட்கவில்லை. எங்களைத் தங்கள் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். போன் சார்ஜரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அறைக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கெட்டில். தொகோசானி போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். முதன்முறையாகச் சிசோமோவின் குரலைக் கேட்டேன். கனத்த குரல், மூச்சு வாங்கியது. பின்னால் குழந்தை அழுதது. அது அழுவதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"நேரம் குறித்துக்கொள்" என்றாள் தொகோசானி என்னிடம். கையில் வேறு தாள் இல்லை. அவள் பேச எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதினேன்.

சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. ரப்பர் குழாய் போட்டு அதைக் காலி செய்யச் சொன்னாள். சிசோமோ அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள், செய்ததில்லை. பதினொன்று பதினேழுக்குச் செய்து முடித்தாள். ரத்தம் நிற்கவில்லை. இடுப்பில் கட்டும் துணி இரண்டு முழுக்க நனைந்துவிட்டதாம். எஸ்நாத் தண்ணீர் கேட்கிறாளாம். பிறகு குளிர்கிறது என்கிறாளாம்.

தண்ணீர், குளிர்: உடம்பில் ரத்தம் வற்றுகிறது என்று அர்த்தம். நானும் தொகோசானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு கையை உள்ளே விட்டு முஷ்டியாக மூடச் சொல்லியிருக்கிறேன். மறு கையால் வயிற்றுக்கு மேலிருந்து அழுத்த வேண்டும். கர்ப்பப்பை இரண்டு கைக்கும் நடுவில் நசுங்கி நிற்க வேண்டும்" என்றாள் தொகோசானி.

போனில் எஸ்நாத்தின் அலறல் கேட்டது. கௌரி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அலறலுக்கு நடுவே சிசோமோ "அமாயி, அமாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா என்று அர்த்தம். யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

பதினொன்று இருபத்து நான்கு. ரத்தம் குறைந்தது. ஆனால் கையை எடுத்தால் மறுபடி வருகிறது. ஐம்பது வயதுப் பெண் எவ்வளவு நேரம் அப்படி அழுத்திக்கொண்டு நிற்பாள்? ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருக்கிறதாம், இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகுமாம்.

அடுத்து என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆணுறையை ரப்பர் குழாயின் நுனியில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைன் தண்ணீரை ஏற்றிப் பலூன் மாதிரி உப்ப வைப்பது. உள்ளிருந்தே அது ரத்தக் குழாய்களை அழுத்திப் பிடிக்கும். செலவில்லாத வழி. பல ஏழை நாடுகளில் இதனால் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள். தொகோசானி கேட்டாள். பதில் வந்தது. அவள் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"குடும்பநல அறை பூட்டியிருக்கிறது. ஆணுறை எல்லாம் அதற்குள். சாவி ஆம்புலன்சில் போனவளிடம்."

எங்கள் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு வயதான டாக்டரம்மா இருந்தார். இதே மாதிரி ஒரு அவசரத்தில் அவர் கேட்டு வாங்கியது எனக்கு நினைவு வந்தது.

"கையுறை" என்றேன். "பிரிக்காத பாக்கெட் கையுறை இருக்கிறதா என்று கேள். மணிக்கட்டுப் பக்கத்தைக் குழாயோடு சேர்த்துக் கட்டினால் போதும். தொப்புள்கொடி கட்டுகிற நூல் இருக்குமே."

இருந்தது. இப்போது இன்னொரு சிக்கல். சிசோமோ கையை எடுத்தால் ரத்தம் வரும். எடுக்காமல் எப்படிக் கட்டுவது? குழந்தையை வைத்திருந்த அண்ணியைக் கூப்பிடச் சொன்னாள் தொகோசானி. குழந்தையைத் துணியில் சுற்றி எஸ்நாத்தின் மார்பில் வைத்தார்கள். அண்ணி கையைக் கழுவிவிட்டு வந்து வயிற்றை வெளியிலிருந்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கட்டி முடிக்கச் சிசோமோவுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் தொகோசானி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சிசோமோவின் கை தடுமாறும் என்று பின்னால் சொன்னாள்.

உள்ளே வைத்தாயிற்று. சிரிஞ்சால் சலைன் ஏற்றத் தொடங்கினாள் சிசோமோ. ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

அழைப்பு அறுந்துபோனது.

திருப்பிக் கூப்பிட்டால் போகவில்லை. மறுபடி. மறுபடி. மேசையின் மேல் அந்த போன் கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தொகோசானி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்" என்றாள். "எங்கள் ஊரில் ஆள் இல்லை, மருந்து இல்லை என்று சொல்ல. அதைச் சொல்ல வந்ததால் நானும் அங்கே இல்லாமல் போனேன்."

கௌரி அக்கா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "வன்னியிலை என்ரை தங்கச்சிக்கும் உப்பிடித்தான் டீச்சர். பிள்ளை பிறந்தாப் பிறகு. அப்ப எங்களிட்டை போனும் இல்லை, கேக்க ஆளும் இல்லை. இவவுக்குச் சொல்லுங்கோ, அந்த மனிசிக்குக் கேக்க ஒரு குரலாவது இருந்ததெண்டு."

நான் மொழிபெயர்த்தேன். தொகோசானி நிமிர்ந்து கௌரி அக்காவைப் பார்த்தாள். தங்கை என்ன ஆனாள் என்று கேட்கவில்லை.

நான்கு நிமிடம் கழித்து போன் அடித்தது. சிசோமோ எண்ணிக்கையை விட்ட இடத்தில் தொடங்கவில்லை. இணைப்பு போன பிறகும் தனியாகவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். பதினெட்டாவது சிரிஞ்சில் ரத்தம் நின்றுவிட்டது. தொகோசானி திரும்பத் திரும்பக் கேட்டாள். குழாய் வழியாக வருகிறதா? பக்கத்தில் வழிகிறதா? துணி நனைகிறதா? இல்லை, இல்லை, இல்லை. நான் தாளில் எழுதினேன்: பதினொன்று நாற்பத்தாறு.

அதன் பிறகும் நாங்கள் அந்த அறையை விட்டுப் போகவில்லை. நாடித்துடிப்பு எண்ணச் சொல்வதும், கால் பக்கம் படுக்கையை உயர்த்தச் சொல்வதுமாகப் போனது. நடுவில் மண்டபத்திலிருந்து ஒரு பெண் என் போனில் கூப்பிட்டு, பேச்சாளர் எங்கே என்றார்.

"அவர் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

"லண்டனிலா?"

"இல்லை" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

பன்னிரண்டு பதினெட்டுக்குப் போனில் வண்டிச் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன, புதிய குரல் ஒன்று, நான்கைந்து பேர் ஓடும் சத்தம். மற்ற மருத்துவச்சி வந்துவிட்டாள். எஸ்நாத்தை ஏற்றிக்கொண்டு அதே வண்டி மறுபடி நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்குக் கிளம்பியது. சிசோமோவும் கூடப் போனாள்.

இனி மருத்துவமனையிலிருந்து தகவல் வர வேண்டும். ரயிலில் ஏறினால் சுரங்கத்தில் போன் செத்துவிடும். கௌரி அக்காதான் வழி சொன்னார். "பஸ்ஸிலை போவம். மேலாலை போனால் சிக்னல் இருக்கும். பிந்தினாலும் பரவாயில்லை." ரயில் ஊழியருக்கு நன்றி சொல்லிவிட்டு போ சர்ச் வரை பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தோம். இருபத்தைந்தாம் எண் பஸ், ஒரு ஆளுக்கு ஒன்றே முக்கால் பவுண்டு. மேல் மாடியில் முன் இருக்கை கிடைத்தது. சாதாரண நாளாக இருந்தால் அந்த இருக்கைக்காக நான் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டிருப்பேன். மைல் எண்ட் சாலை, பழைய செங்கல் வீடுகள், வைட்சேப்பல் சந்தையில் வெண்டைக்காயும் மாம்பழமும் அடுக்கிய கடைகள், அவற்றுக்கு எதிரே ஒரு பெரிய நீலக் கண்ணாடி ஆஸ்பத்திரி. அதன் வாசலில் வரிசையாக நான்கு ஆம்புலன்ஸ்கள் நின்றன. தொகோசானி பஸ் நகரும்வரை அவற்றைப் பார்த்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு, வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எஸ்நாத் உயிரோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். அவள் வகை ரத்தம் ஒரு பைதான் இருந்ததாம். இரண்டாவது பைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தொகோசானி செய்தியைப் படித்துவிட்டு போனைக் கௌரி அக்காவிடம் கொடுத்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பின் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் ஒரு பொட்டலம் டிஷ்யூவை நீட்டினார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாற்பது. கூட்டம் முடிந்திருந்தது. பொறுப்பாளர் அன்பாகத்தான் பேசினார், நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார். ஆனால் முடிவெடுப்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்கு வரும் என்றார். தொகோசானி சரி என்று தலையாட்டினாள். சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் யாரோடு போடுவது?

புதன்கிழமை காலை கௌரி அக்காவின் சமையலறை மேசையில் அவள் மாவட்ட அதிகாரிக்கு அறிக்கை எழுதினாள். பயிற்சி பெறாத ஊழியரைக் கொண்டு, தொலைபேசி வழியாக, என் உத்தரவின் பேரில் இதைச் செய்வித்தேன் என்று எழுதியிருந்தாள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊரில் இப்படி எழுதினால் அன்றைக்கே விசாரணை.

"கொஞ்சம் மாற்றி எழுதக் கூடாதா? மற்ற மருத்துவச்சி வந்த பிறகு நடந்தது போல?"

"மாற்றினால் சிசோமோ அங்கே இல்லாமல் போய்விடுவாள்" என்றாள். "என் வேலை போனாலும் பரவாயில்லை. அவள் செய்தாள் என்று எழுத்தில் இருக்கட்டும்."

கௌரி அக்கா புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் அவள் பக்கம் தள்ளினார். "முதல்லை சாப்பிடச் சொல்லுங்கோ. வெறும் வயித்தோடை உண்மை எழுத ஏலாது."

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே, சனிக்கிழமை அவள் ஊர் திரும்பினாள். வைட்சேப்பல் வரை வந்து ஹீத்ரோ ரயிலில் ஏற்றிவிட்டோம். கதவு மூடுவதற்கு முன் கேட்டேன், அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவாயா என்று.

"கூப்பிட்டால் சிசோமோவை அனுப்புவேன். ஆங்கிலம் தெரியாது. யாராவது மொழிபெயர்க்கட்டும்."

அதற்குப் பிறகு நடந்தவை அவள் அனுப்பிய செய்திகளிலிருந்து தெரிந்தவை. விசாரணை நடந்தது. இரண்டு பேரையும் தனித்தனியாக மூன்று மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். தண்டனை இல்லை, பாராட்டும் இல்லை. குடும்பநல அறைக்கு இன்னொரு சாவி செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். குளிர்பெட்டி இன்னும் வரவில்லை. எஸ்நாத் குழந்தைக்கு எடை பார்க்க வந்துபோனாள். சிசோமோவுக்கு அதே வேலை, அதே துடைப்பம்.

நானும் மறு வார இறுதியில் திருச்சி திரும்பினேன். லண்டனில் என்ன பார்த்தாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பாலத்தையும் அரண்மனையையும் பற்றி ஏதோ சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரியையும் மலாவியின் அந்த நிலையத்தையும் ஒப்பிட முடியாது. இங்கே டாக்டர் இருக்கிறார், ரத்த வங்கி இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் என் வகுப்பில் இத்தனை வருடம் எந்த ஆயாவும் வந்து உட்கார்ந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. வார்டில் அவர்களிடம் நான் பேசியது எல்லாம் துணியை எடுங்கள், பக்கெட்டைக் கொண்டுவாருங்கள் என்பதுதான்.

திங்கட்கிழமை காலை பிரசவ வார்டுக்குப் போனேன். சரோஜா அங்கே முப்பத்தோரு வருடமாக ஆயா. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தச் சொன்னேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உட்காருங்க. இங்க ரத்தம் நிக்காம போன கேஸ் எல்லாம் நீங்க பாத்திருப்பீங்க இல்ல? ஒண்ணொண்ணா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எந்த வருஷத்துல இருந்து சொல்லட்டும் டீச்சர்?" என்று கேட்டார்.